சராய் என்றொரு சொல்

வடநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய உறவினர் குடும்பம் ஒன்று அண்மையில் நம் இல்லத்துக்கு வந்திருந்தது. அவர்களுடைய பத்து வயதுச் சிறுமி டில்லியில் கண்டவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தவள், இடையில் ஒரு கேள்வியைப் போட்டாள். "அந்த ஊரிலே எங்கே பார்த்தாலும் சராய், சராய் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது என்ன?" சராய் காலே கான், யூசுப் சராய், லாடோ சராய், கட்வாரியா சராய், பேர் சராய், சராய் ரொஹில்லா என்று தான் படித்த பெயர்ப் பலகைகளை விரல்விட்டு எண்ணியும் காட்டினாள். அருகிலிருந்த அவளுடைய பாட்டியார் சிரித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த சராய், அவருடைய தந்தையார் அணிந்திருந்த கால்சட்டை ஒன்றுதான். "ஊருக்கெல்லாமா கால்சட்டையின் பெயரை வைப்பார்கள்?" என்று அவர் கேட்க, வீடே சிரித்தது.

கால்சட்டையைக் குறிக்கும் சராய் வேறு. அது ஒலியால் மட்டுமே இதனோடு ஒன்றுபட்டது. "அந்தக் காலத்துச் சத்திரம் அம்மா, வழிப்போக்கர்கள் தங்குமிடம்" என்று சிறுமிக்கு விடை சொன்னோம். அவர்கள் மறுநாள் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்தச் சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. நம்மூர்ப் பள்ளிவாசலை அடுத்துள்ள பழைய முசாபர்கானாவை என்ன செய்வது என்று ஜமாஅத்தில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கும் வேளை அது. அந்தப் பேச்சுக்குப் பின்னர் வருவோம். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

சொல் நடந்த வழி

சராய் பாரசீகச் சொல். வீடு, உறைவிடம் என்பதே அதன் நேர்ப்பொருள். காரவான் என்பது கூட்டமாகச் செல்லும் பயணிகளின், வணிகர்களின் அணி. இரண்டும் இணைந்து காரவான்சராய் ஆயிற்று. பயணக் கூட்டத்தின் வீடு என்று பொருள். ஒட்டகமும் கோவேறு கழுதையும் ஒரு பகல் முழுதும் நடந்து களைக்கும் தொலைவுக்கு ஒன்றாக அவை பெருவழிகளில் எழுந்தன. நாற்புறமும் உயர்ந்த மதில்; இரவில் அடைக்கப்படும் ஒரே பெருவாயில்; நடுவே திறந்த முற்றம்; முற்றத்தைச் சூழ அறைகள்; விலங்குகளுக்குக் கொட்டில்; ஒரு கிணறு அல்லது நீர்த்தொட்டி; தொழுகைக்கு ஓரிடம். ஈரானில் இன்றும் நிற்கும் இத்தகைய கட்டடங்களுள் 54-ஐத் தேர்ந்து 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பயணிகளுக்காகப் பிறந்த சொல் தானும் பயணம் செய்தது. மேற்கே சென்ற சராய் துருக்கியில் அரண்மனை ஆகிவிட்டது. உஸ்மானியச் சுல்தான்கள் இஸ்தான்பூலில் வாழ்ந்த மாளிகையின் பெயர் தோப்கப்பு சராயி. பொஸ்னியாவின் தலைநகரான சராயேவோவின் பெயருக்குள் இருப்பதும் அந்த மாளிகைச் சராயே. கிழக்கே இந்தியாவுக்கு வந்த சராய் வழிப்போக்கர் விடுதியாகவே நின்றது. ஒரு திசையில் மன்னன் வீடு; மறு திசையில் ஊர்பேர் தெரியாதவன் ஓரிரவு படுத்தெழும் இடம். இரண்டும் ஒரே சொல்!

அரபு மக்கள் விடுதியை ஃபுந்துக் என்றனர். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'அனைவரையும் ஏற்பது' என்பது அதன் மூலக்கருத்து. இன்று அரபு நாடுகளின் வானளாவிய ஓட்டல்களின் முகப்பில் எழுதப்பட்டிருப்பதும் அச்சொல்தான். அனைவரையும் ஏற்கும் பெயரைச் சூடிக்கொண்டு, வசதியுள்ளவரை மட்டும் ஏற்கும் வாயில்கள்!

நம் சத்திரம், பல நாள் நீளும் வேள்வியைக் குறித்த வடசொல்லிலிருந்து பிறந்து, அன்னம் வழங்கும் அறச்சாலையைக் குறிக்கலாயிற்று. தனித்தமிழில் நாம் விடுதி என்கிறோம். வீடு என்பதும் விடுதி என்பதும் 'விடு' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பிறவித்தளையிலிருந்து விடுபடும் பேற்றையும் நம் முன்னோர் வீடு என்றே வழங்கினர். பாரசீகத்தில் சராய் எதைச் சொல்லாமற் சொல்கிறதோ, அதையே தமிழில் வீடும் சொல்கிறது. நமது என்று நாம் பூட்டி வைத்திருக்கும் இடமும், யாருடையதும் அல்லாத விடுதியும் பிறப்பால் உடன்பிறந்தவை.

அரண்மனையா, விடுதியா?

பல்கு நாட்டு அரசராக இருந்து துறவு பூண்ட இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களைப் பற்றி ஃபரீதுத்தீன் அத்தார் தம் இறைநேசர் வரலாற்றில் எழுதிவைத்த நிகழ்ச்சி நம் இல்லங்களில் பலரும் கேட்டதே. அரசவை கூடியிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் காவலையெல்லாம் கடந்து அரியணைக்கு முன்னால் வந்து நிற்கிறார். என்ன வேண்டும் என்று மன்னர் வினவ, இந்தச் சராயில் இறங்கித் தங்க வந்தேன் என்கிறார் அவர். இது சராய் அன்று, என் அரண்மனை என்று சினக்கிறார் மன்னர். உமக்கு முன் இங்கே யார் இருந்தார்? என் தந்தை. அவருக்கு முன்? என் பாட்டனார். அவருக்கும் முன்? இன்னார். அவர்களெல்லாம் எங்கே? போய்விட்டார்கள். ஒருவர் வருவதும் ஒருவர் போவதுமாக இருக்கும் இடத்துக்குச் சராய் என்றல்லாமல் வேறென்ன பெயர் என்று கேட்டுவிட்டு வந்தவர் மறைந்துவிடுகிறார்.

இக்கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: உலகம் நிலையாதது, பற்றை விடு. அது மெய்யே. இவ்வுலகில் அந்நியனைப் போலவோ வழிப்போக்கனைப் போலவோ வாழுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அறிவுறுத்தினார்கள். ஆனால் கதையில் இன்னொரு பாதி இருக்கிறதே! வந்தவர் மன்னரைத் துறவியாகச் சொல்லவில்லை. தமக்குத் தங்க இடம் கேட்டார். அரண்மனை சராய்தான் என்று ஏற்றுக்கொண்டால், மன்னர் அதன் உடைமையாளர் அல்லர். முன்னதாக வந்து இறங்கிய பயணி, அவ்வளவே. முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்கு இடம் ஒதுக்கித் தருவதுதானே சராயின் ஒழுங்கு? உலகம் ஒரு சத்திரம் என்று மேடையில் சொல்வோர் பலர். தம் வீட்டில் ஒரு மூலையைச் சத்திரமாக்கியவர் எத்தனை பேர்?

நாம் இதைப் பிறரை நோக்கிக் கேட்கவில்லை. காரணம் பின்வருவது.

ஓர் இரவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து, நம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு முதியவர். அடுத்த மாவட்டத்துக்காரர். மகனை நம்மூர்ப் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், நோயாளியின் அருகே இரவில் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் மருமகளை உள்ளே விட்டுவிட்டு வந்ததாகவும், படுக்க ஓரிடம் வேண்டும் என்றும் சொன்னார். பள்ளிவாசலுக்குச் சென்றிருக்கிறார். முசாபர்கானா பூட்டிக் கிடந்தது. கல்யாண நாற்காலிகளும் பெருந்தேக்சாக்களும் போட்டு வைக்கும் அறையாக அது மாறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. மோதினார்தான் நம் வீட்டைக் காட்டியிருக்கிறார்.

அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வீட்டில் பெண்மக்கள் இருந்தனர், இடமும் குறுகியது. உள்ளே சென்று ஐந்நூறு ரூபாய் எடுத்துவந்து கொடுத்து, பேருந்து நிலையத்தருகே உள்ள லாட்ஜுக்கு வழி சொன்னோம். அவரும் வாங்கிக்கொண்டு சென்றார். நற்செயல் ஒன்று செய்த நிறைவோடு உறங்கினோம்.

மறுநாள் விடியலில் வேறொரு உறவினரைக் காண அதே மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. வெளித்தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தவர்களிடையே அந்த முதியவரும் இருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, சட்டைப்பையிலிருந்து அதே ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "லாட்ஜிலே அட்டை கேட்டாங்க. அது ஊர்ல கெடக்கு. ரூமுக்குன்னு நீங்க குடுத்தது; ரூம் எடுக்கலை" என்றார். மகனின் செலவுக்கு வைத்துக்கொள்ளுமாறு எவ்வளவோ வற்புறுத்திய பிறகே அதைத் திரும்பப் பையில் வைத்தார்.

அவர் திருப்பி நீட்டியது பணத்தை அன்று, நம் கணக்கை. அவர் கேட்டது இடம். நாம் கொடுத்தது இடத்தின் விலை. இரண்டும் ஒன்றா? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், நம் மார்க்கமும் நம் வரலாறும் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று நாம் மெய்யாகவே பார்க்கத் தொடங்கினோம்.

இரண்டு கதவுகள்

திருக்குர்ஆனின் 24-ஆவது அத்தியாயம், 27-ஆம் வசனம், பிறர் வீடுகளில் அனுமதி பெறாமலும் ஸலாம் உரைக்காமலும் நுழைவதைத் தடை செய்கிறது. வீட்டின் மறைவு அவ்வளவு மதிப்புக்குரியது. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அடுத்த வசனம் கூறுகிறது. அதற்கும் அடுத்ததாகிய 29-ஆம் வசனம், யாரும் குடியிராத, நமக்குப் பயன்தரும் வீடுகளில் நுழைவது குற்றமன்று என்கிறது. அவை எந்த வீடுகள்? பெருவழிகளில் பயணிகளுக்காக அமைந்த விடுதிகளையே முற்கால விரிவுரையாளர் பலர் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. ஆயினும் இது அவற்றுள் முதன்மையான ஒன்று.

இந்த இரண்டு வசனங்களும் அடுத்தடுத்து நிற்பதை எண்ணிப் பார்ப்போம். ஒரு வகை வீடு அனுமதி கேட்டு நுழைய வேண்டியது. அதன் உடையவர் மறுக்கவும் செய்யலாம். மற்றொரு வகை வீடு அனுமதி கேட்க வேண்டாதது. அங்கே மறுப்பதற்கு யாருமில்லை. சராய்க்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் உண்டா?

அன்றிரவு நம் வீட்டுக் கதவை அந்த முதியவருக்குத் திறவாதது தவறா? பெண்மக்கள் இருந்த குறுகிய வீட்டில் அந்நிய ஆடவர் ஒருவரைத் தங்கவைக்கத் தயங்கியதைக் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார். ஆனால் அந்தத் தயக்கம் நியாயமாக வேண்டுமானால், ஊரில் வேறொரு கதவு திறந்திருந்திருக்க வேண்டும். வீட்டைக் காக்கும் உரிமையும் வழிப்போக்கன் தங்கும் உரிமையும் மோதும் இடத்தில், இரண்டையும் காப்பாற்றுவதற்காகவே மனிதன் சராயைக் கட்டினான். நாம் ஒவ்வொருவரும் நம் கதவை மூடிக்கொள்ளலாம். நம் எல்லோருக்குமாக ஒரு கதவு திறந்திருக்கும் வரையில். அந்தக் கதவையும் நாமே பூட்டிவிட்டால், மூடிய ஒவ்வொரு வீட்டின் மேலும் அந்தக் கடன் மீண்டும் வந்து ஏறிக்கொள்கிறது. நம் பிழை நம் வீட்டுக் கதவில் இல்லை. முசாபர்கானாவின் பூட்டில் இருந்தது. அந்தப் பூட்டைப் பல்லாண்டுகளாகக் கண்டும் காணாமல் நாம் தொழச் சென்றுவந்தோமே, அங்கே இருந்தது.

வழியின் மகன்

பயணியைத் திருக்குர்ஆன் 'இப்னுஸ் ஸபீல்' என்கிறது. நேர்ப்பொருள் வழியின் மகன். ஊரில் அவனுக்குத் தந்தை உண்டு, குடும்பம் உண்டு, பெயர் உண்டு. வழியில் இறங்கிவிட்டால் வழியே அவனைப் பெற்றது போலாகிறது. வேறு சுற்றம் இல்லை. ஸகாத் பெறத்தக்க எட்டுப் பிரிவினரைச் சொல்லும் 9-ஆம் அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் அவனும் ஒருவன். அவன் தன் ஊரில் செல்வந்தனாக இருந்தாலும், வழியில் கையற்றுப் போனால் அவனுக்குப் பங்கு உண்டு என்றே சட்ட அறிஞர்கள் விளக்கினர். ஏழை வேறு, வழிப்போக்கன் வேறு. ஏழைமை ஒருவனைப் பற்றிய செய்தி. வழியில் அகப்படுவதோ யாருக்கும் நேரும் ஒரு நிலை. ஊரில் பத்து வீடு உள்ளவனும் இரவு பதினொரு மணிக்கு அயலூர்ப் பேருந்து நிலையத்தில் வீடற்றவனே.

முசாபர் என்னும் சொல்லின் வேரான 'ஸஃபர்' பயணத்தைக் குறிக்கும். அந்த வேருக்குத் திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்ற கருத்தும் உண்டு. பயணம் மனிதனின் குணத்தை வெளிப்படுத்துவதால் அப்பெயர் பெற்றது என்று பழைய அறிஞர்கள் விளக்கம் சொல்வார்கள். பயணியின் குணம் மட்டுமா வெளிப்படுகிறது? அவன் வந்து நிற்கும் ஊரின் குணமும் அன்றோ வெளிப்படுகிறது!

எழுதப்பட்ட கருணை

விருந்தினர் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தருமம் என்பது நபிமொழி. இது தனி மனிதனுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஒருவரின் ஈகை அவருடைய மனநிலையைப் பொறுத்தது. இன்று திறக்கும், நாளை மூடும். முன்னோர் அதை மனநிலையின் கையில் விட்டுவிடவில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாவும் பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் சேர்த்து வைத்த ஒரு களஞ்சியத்தை, வழியில் அகப்பட்டோருக்கும் விருந்தினருக்கும் உதவ மதீனாவில் நிறுவினார்கள். 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), சமர்கந்துப் பகுதி ஆளுநருக்கு அனுப்பிய ஆணையை வரலாற்றாசிரியர் தபரீ பதிந்திருக்கிறார். விடுதிகள் கட்ட வேண்டும். அவ்வழியே வரும் முஸ்லிம்களை ஒரு பகலும் ஓர் இரவும் உபசரித்து, அவர்களுடைய வாகன விலங்குகளையும் பேண வேண்டும். நோயுற்றவராயின் இரண்டு பகல், இரண்டு இரவு. கைப்பொருள் இழந்தவராயின் ஊர்போய்ச் சேரும் அளவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். நோயாளிக்கு இரட்டிப்பு என்று கணக்கிட்ட அந்தக் கருணையின் நுட்பத்தைக் கவனியுங்கள்.

அதனினும் பரந்த ஓர் ஆவணம் துருக்கியில் உண்டு. கைசேரியிலிருந்து மலாத்தியா செல்லும் பெருவழியில் கராத்தாய் கான் என்ற கல்விடுதி இன்றும் நிற்கிறது. அதை 1240-ஐ ஒட்டி முடித்தவர் செல்ஜூக் அமைச்சர் ஜலாலுத்தீன் கராத்தாய். 1247-ஆம் ஆண்டு வக்ஃபுப் பத்திரத்தில் அவர் வகுத்த விதி இது: வருபவர் முஸ்லிமாயினும் பிறராயினும், சுதந்திரர் ஆயினும் அடிமையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், எல்லோருக்கும் ரொட்டியும் இறைச்சியும் ஒரே அளவில் தரப்பட வேண்டும். வெள்ளி இரவுகளில் தேனில் செய்த இனிப்பு உண்டு. காலணி இல்லாத ஏழைப் பயணிக்குக் காலணியும் உண்டு.

இந்தக் கராத்தாய் யார்? கிரேக்கக் குடியில் பிறந்து, அடிமையாக அரண்மனைக்கு வந்து, விடுதலை பெற்று அமைச்சராக உயர்ந்தவர். 'சுதந்திரர் ஆயினும் அடிமையாயினும்' என்ற சொற்களை ஏட்டில் எழுதுவித்தபோது, அவர் தம் பழைய நாட்களை நினைத்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. வழியில் நின்ற அனுபவம் உள்ளவனே வழிக்கு வீடு கட்டத் தெரிந்தவன்.

நம் நாட்டில் 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி, பெருவழிகளில் இரண்டு குரோச தூரத்துக்கு ஒரு சராய் அமைத்ததாகவும், ஒவ்வொன்றிலும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடமும், வாயிலில் குடிநீர்ப் பானைகளும், இந்துப் பயணிகளுக்குப் பணிசெய்யப் பிராமணர்களும் ஏற்பாடு செய்ததாகவும் அக்பர் காலத்தில் எழுதிய அப்பாஸ் கான் சர்வானி குறிக்கிறார். சராய்களின் எண்ணிக்கை 1700 என்பது அவர் தரும் கணக்கு. 1605-இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர் பிறப்பித்த முதல் ஆணைகளுள் ஒன்று, திருட்டும் வழிப்பறியும் நிகழும் பாதைகளில் சராயும் பள்ளிவாசலும் கிணறும் அமைத்து மக்களைக் குடியேற்றுமாறு கூறுவது.

இவையெல்லாம் தூய கருணை என்று நாம் சொல்லவரவில்லை. ஷேர்ஷாவின் சராய்கள் அரசின் அஞ்சல் குதிரைகளுக்கும் நிலையங்கள். ஊர்ச்செய்தி அரசன் காதுக்கு எட்டும் வழிகள். வணிகம் பெருகினால் சுங்கமும் பெருகும். சில விடுதிகளில் பணம் வாங்கினார்கள்; வட இந்தியச் சராய்களில் சமைத்துக்கொடுத்துப் பிழைத்த பட்டியாராக்கள் கூலி பெற்றவர்களே. ஆயினும் அரசன் எதை நாடிக் கட்டினாலும், களைத்தவன் அங்கே தலை சாய்த்தான். நோக்கத்தின் கூலி இறைவனிடம். நிழலின் பயன் வழிப்போக்கனிடம்.

இந்த அறம் முஸ்லிம்களின் தனிச்சொத்தும் அன்று. 1342-ஐ ஒட்டி மலபாரில் நடந்து சென்ற இப்னு பதூதா, பாதையில் அரைமைலுக்கு ஒரு மரவீடு இருந்ததையும், அதன் திண்ணைகளில் எல்லாச் சமயத்தாரும் அமர்ந்து இளைப்பாறியதையும், ஒவ்வொன்றிலும் கிணறும் தண்ணீர் தர இந்து ஒருவரும் இருந்ததையும் எழுதினார். தம் சமயத்தவருக்குப் பாத்திரத்தில் தருவார். முஸ்லிம்களுக்குக் கைகளில் ஊற்றுவார். பாத்திரத்தைப் பகிராத அந்த விலக்கம் நமக்கு உறுத்தவே செய்கிறது. ஆனாலும் தண்ணீரை அவர் மறுக்கவில்லை. வேற்றுமைகள் அனைத்தும் நின்ற காலத்திலும் தாகத்துக்கு வேற்றுமை இல்லை என்று அந்தக் கிணற்றடி அறிந்திருந்தது.

சராய் மறைந்த விதம்

இரயில் வந்தது. ஒரு பகல் நடைக்கு ஒரு விடுதி என்ற கணக்கு பொருளற்றுப் போயிற்று. டில்லிச் சாந்தினி சவுக்கில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா எழுப்பிய பெரும் சராய், 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது. 1867-இல் சராய்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. சராய் நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும், சுத்தம் பேண வேண்டும், தொற்றுநோய் கண்டால் அறிவிக்க வேண்டும், கட்டணப் பட்டியலைத் தொங்கவிட வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. எல்லாம் தேவையான விதிகளே. ஆனால் கராத்தாயின் பத்திரத்தையும் இச்சட்டத்தையும் அருகருகே வைத்தால் ஒரு காலத்தின் முடிவு தெரிகிறது. முன்னது, வருபவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். பின்னது, வருபவர் என்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியலைத் தொங்கவிடச் சொல்வது.

மிஞ்சியவை பெயர்கள். அவையும் மாறுகின்றன. முகல்சராய் என்று பல தலைமுறைகள் அறிந்திருந்த இரயில் சந்திப்பின் பெயர் 2018-இல் மாற்றப்பட்டது. பெயர்மாற்றத்தைப் பற்றிப் பலரும் பேசினார்கள். பெயருக்குள் இருந்த அறம் அதற்கும் வெகுகாலம் முன்பே போய்விட்டதே, அதைப் பற்றி யார் பேசினார்கள்?

நம் முன்னே உள்ள கேள்வி

இனி நம்மூர் முசாபர்கானாவுக்கு வருவோம். அது சராயின் மரபில் வந்த கடைக்குட்டி. நான்கு அறையும் ஒரு தாழ்வாரமும் ஒரு கிணறும். பயணிகள் தங்குவதற்கென்று ஒரு பெரியவர் வக்ஃபு செய்தது. இப்போது அதை இடித்துவிட்டு இரண்டடுக்குக் கடைத்தொகுதி கட்டலாம், வாடகையை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடலாம் என்பது முன்வைக்கப்பட்டுள்ள திட்டம். இதைச் சொல்பவர்கள் தன்னலக்காரர்கள் அல்லர். முசாபர்களே வருவதில்லை, வருகிறவர்களுக்கு லாட்ஜுகள் இருக்கின்றன, பூட்டிய கட்டடத்தால் யாருக்குப் பயன் என்று அவர்கள் கேட்பது எளிதில் தள்ளத்தக்கதன்று. கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை நாமும் அறிவோம்.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்டம் வகுத்தவனின் வாசகத்தைப் போன்றது என்பது நம் சட்ட மரபின் பழைய நெறி. நோக்கம் அடியோடு அற்றுப்போனால் அதற்கு நெருங்கிய வேறு நற்பணிக்கு அதைத் திருப்ப அறிஞர்கள் இடம் தந்ததும் உண்டு. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்குகிறது: வழியின் மகன் மெய்யாகவே அற்றுப்போனானா?

ஒட்டகத்தில் வருபவனைத் தேடினால் அற்றுப்போனான்தான். அரசு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் செய்தித்தாள் விரித்துப் படுப்பவர் யார்? தேர்வெழுத முதன்முறை நகருக்கு வந்து பேருந்து நிலைய பெஞ்சில் விடியும் வரை விழித்திருக்கும் பெண்ணும் அவளோடு வந்த தாயும் யார்? ஒப்பந்தக்காரர் கைவிட்டதால் கூலியும் கூரையும் இழந்து நிற்கும் பீகார்க்காரத் தொழிலாளி யார்? முசாபர்கள் வருவதில்லை என்கிறோம். வந்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதைச் சான்றாகக் காட்டி அந்த வீட்டை இடிப்பது என்ன நியாயம்?

ஏழைப் பிள்ளையின் படிப்பா, வழிப்போக்கனின் இரவா என்று இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை. வக்ஃபுகளின் வரலாற்றில் கடைகளும் தோட்டங்களும் விடுதிகளோடு சேர்த்தே எழுதிவைக்கப்பட்டன. அவற்றின் வருவாய் விடுதியின் அடுப்பை எரியவைத்தது. கடை சராய்க்குச் சோறு போட்டது; சராயை விழுங்கவில்லை. சாலையை ஒட்டிய முன்புறத்தில் சில கடைகள் கட்டட்டும். பின்புறத்து அறைகள் நான்கும் செப்பனிடப்படட்டும். இரண்டு, பெண்களுக்கும் குடும்பங்களுக்குமாக ஒதுக்கப்படட்டும். கடை வாடகையில் அறைகளின் பராமரிப்புப் போக எஞ்சுவது பிள்ளைகளின் படிப்புக்குச் செல்லட்டும். காவலுக்கு ஒருவரும், பெயர் எழுத ஒரு புத்தகமும் இருப்பதில் தவறில்லை. பழைய சராய்களும் இரவில் வாயிலை அடைத்துக் காவல் வைத்தவையே. ஆனால் எந்தச் சமயம், எந்தச் சாதி என்ற கேள்வி அந்தப் புத்தகத்தில் இருக்கக்கூடாது. அட்டை ஊரில் கிடக்கும் முதியவருக்கும் அங்கே ஒரு பாய் இருக்க வேண்டும்.

சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னோம். சிலர் தலையசைத்தார்கள், சிலர் கணக்குக் கேட்டார்கள். கணக்குக் கேட்டதும் சரியே. முடிவு எட்டப்படாமல் கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் மீண்டும் கூடுகிறது. அதுவரை முத்தவல்லியிடம் ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறோம்: நாற்காலிகளையும் தேக்சாக்களையும் ஓர் அறைக்குள் ஒதுக்கி, ஓர் அறையையாவது இப்போதே திறந்துவைக்க வேண்டும் என்று. திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாவியை வைத்துக்கொள்ளும் பொறுப்பை நாம் கேட்டு வாங்கியிருக்கிறோம். மோதினார் இனி நம் வீட்டைக் காட்டும்போது, நம்மிடம் கொடுப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் குடும்பங்களிலும் ஊர்களிலும் இப்படியொரு பழைய கட்டடம் இருக்கக்கூடும். முசாபர்கானா என்றோ, சத்திரம் என்றோ, சாவடி என்றோ அதற்குப் பெயர் இருக்கலாம். நாளை பள்ளிவாசலுக்குப் போகும்போது அதன் கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். திறந்தால், அல்ஹம்துலில்லாஹ். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்தச் சிறுமிக்கு நாம் சொன்ன விடை குறைவானது. சராய் அந்தக் காலத்துச் சத்திரம் என்று சொல்லிவிட்டோம். அது ஒரு காலத்தின் பெயர் அன்று. அனுமதி கேட்க வேண்டாத வீடு ஒன்று ஒவ்வொரு ஊரிலும் இருந்தாக வேண்டும் என்று மனிதர்கள் ஒரு காலத்தில் அறிந்திருந்தார்கள். அந்த அறிவின் பெயர்தான் சராய். அடுத்த முறை அவள் வரும்போது, இன்ஷா அல்லாஹ், நம்மூரிலேயே ஒன்றைக் காட்டுவோம்.